சமன்பாட்டில் திண்மமா, திரவமா, வாயுவா, நீர்க்கரைசலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டு மாடியில் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். சமன்பாட்டை மளமளவென்று சமன்செய்துவிடுகிற பிள்ளைகள்கூட, ஒவ்வொரு பொருளுக்குப் பக்கத்திலும் அதன் நிலையை எழுதச் சொன்னால் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு மேலே பார்ப்பார்கள். அவர்கள் கேட்ட கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

இந்த நிலைக்குறியீடு என்றால் என்ன? எங்கே எழுத வேண்டும்?

வாய்பாட்டை ஒட்டி அடைப்புக்குறிக்குள் வரும் சின்ன எழுத்துதான். திண்மத்துக்கு எஸ், திரவத்துக்கு எல், வாயுவுக்கு ஜி, நீரில் கரைந்திருப்பதற்கு ஏக்யூ. கடைசியில் சொன்னது தண்ணீரைக் குறிக்கும் ‘அக்வா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உங்கள் பாடநூலில் திரவத்துக்கு ‘நீர்மம்’ என்று இருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். இந்தப் பக்கத்தில் எழுத்துகளுக்குப் பதிலாக நிலையின் பெயரையே எழுதுகிறேன். விடைத்தாளில் நீங்கள் எழுத்தையே போடுங்கள்.

எந்தப் பொருள் எந்த நிலை என்று மனப்பாடம் செய்தால் போதாதா?

போதாது. பெரும்பாலான தப்புகள் அங்கேதான் பிறக்கின்றன. நிலை என்பது வாய்பாட்டோடு ஒட்டிப் பிறந்தது இல்லை. அந்தப் பொருள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது, எவ்வளவு சூட்டில் இருக்கிறது, பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ‘சமையல் உப்பு என்ன நிலை?’ என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. சாப்பாட்டு மேசையில் இருக்கிற உப்பா, ரசத்தில் இருக்கிற உப்பா, 801 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிக் கிடக்கிற உப்பா?

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் கேள்வியைப் படிப்பேன். ‘கரைசல்’, ‘உருகிய’, ‘நீராவி’, ‘தூள்’, ‘வீழ்படிவு’ என்று ஏதாவது சொல் இருந்தால் பாதி விடை அதிலேயே இருக்கிறது. அடுத்தது வெப்பநிலை. அதை உருகுநிலை, கொதிநிலையோடு ஒப்பிட வேண்டும். அப்புறம் தண்ணீர். தண்ணீர் இருந்தால் அந்தப் பொருள் கரையுமா, கரையாதா என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றிலும் பதில் கிடைக்காவிட்டால் மட்டும், 25 டிகிரியில் அது எப்படி இருக்கும் என்ற பொது அறிவுக்குப் போகலாம். பிள்ளைகள் இந்தக் கடைசிப் படியிலிருந்து ஆரம்பிப்பார்கள். அதுதான் கோளாறு.

திரவமும் நீர்க்கரைசலும் ஒன்றுதானே? இரண்டும் ஊற்றினால் ஓடுகிறதே?

ஒன்று இல்லை. எனக்கு வருகிற கேள்விகளில் பாதி இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

திரவம் என்றால் அந்தப் பொருளே, வேறு எதுவும் கலக்காமல், ஓடுகிற நிலையில் இருக்கிறது. நீர்க்கரைசல் என்றால் ஓடுவது தண்ணீர். பொருள் அதற்குள் துகள் துகளாகப் பிரிந்து கிடக்கிறது. சாமித்தோப்பு, தாமரைக்குளம், புத்தளம் பக்கம் உப்பளப் பாத்தியில் தேங்கி நிற்பது உப்பின் நீர்க்கரைசல். அதை ‘சோடியம் குளோரைடு (திரவம்)’ என்று எழுதினால், அந்தப் பாத்தியில் உப்பு 801 டிகிரிக்கு மேல் உருகிக் கிடக்கிறது என்று சொன்னதாக ஆகும். அதில் எவனால் இறங்கி உப்பு வாரமுடியும்?

இந்த வித்தியாசம் வெறும் எழுத்துச் சண்டை இல்லை. வினையே மாறிப்போகும். உருகிய உப்பில் மின்சாரம் செலுத்தினால்:

2 சோடியம் குளோரைடு (திரவம்) → 2 சோடியம் (திரவம்) + குளோரின் (வாயு)

சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் உலையின் சூட்டில் அதுவும் திரவம். அதே மின்சாரத்தை உப்புத் தண்ணீரில் செலுத்தினால் சோடியம் உலோகம் கண்ணிலேயே படாது:

2 சோடியம் குளோரைடு (நீர்க்கரைசல்) + 2 நீர் (திரவம்) → 2 சோடியம் ஹைட்ராக்சைடு (நீர்க்கரைசல்) + ஹைட்ரஜன் (வாயு) + குளோரின் (வாயு)

ஒரே உப்பு, ஒரே மின்சாரம். அடைப்புக்குறிக்குள் இருக்கிற சொல் மட்டும்தான் வேறு.

இன்னொன்று, நீரையே ‘நீர்க்கரைசல்’ என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. தண்ணீர் தண்ணீரில் கரையாது. அது திரவம், சூட்டில் வாயு, குளிரில் திண்மம், அவ்வளவுதான்.

எந்த உப்பு கரையும், எது கரையாது என்று எப்படித் தெரியும்?

இதை மட்டும் கொஞ்சம் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகள் பொதுவாகக் கரையும். நைட்ரேட்டுகள் எல்லாம் கரையும். குளோரைடு, புரோமைடு, அயோடைடு கரையும். வெள்ளியும் காரீயமும் அங்கே முரண்டு பிடிக்கும். சல்பேட்டில் பேரியமும் காரீயமும் முரண்டு பிடிக்கும். கார்பனேட், பாஸ்பேட், பெரும்பாலான ஹைட்ராக்சைடுகள் கரையாது, முதலில் சொன்ன சோடியம், பொட்டாசியம் கூட்டம் தவிர.

இரண்டு கரைசல்களைக் கலக்கும்போது அயனிகளை ஜோடி மாற்றிப் பார்த்து, புதிய ஜோடியில் எது கரையாதோ அதற்குத் திண்மம் போடுங்கள். காரீய நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் கலந்தால்:

காரீய நைட்ரேட் (நீர்க்கரைசல்) + 2 பொட்டாசியம் அயோடைடு (நீர்க்கரைசல்) → காரீய அயோடைடு (திண்மம்) + 2 பொட்டாசியம் நைட்ரேட் (நீர்க்கரைசல்)

மஞ்சளாய் விழுகிறதே, அதுதான் காரீய அயோடைடு. நான் படிக்கிற காலத்தில் இதே வினையில் நாலுக்கும் நீர்க்கரைசல் என்று எழுதி, விடைத்தாளில் பெரிய சிவப்பு வட்டம் வாங்கியிருக்கிறேன். நாலும் கரைந்தே இருந்தால் அங்கே நடந்தது கலவை. வினை எங்கே என்று வாத்தியார் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

இந்த விதிகளை உப்பளத்திலேயே பார்க்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் எல்லா உப்பும் சேர்ந்து சுமார் 35 கிராம்தான். சோடியம் குளோரைடோ ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் கரையும். அதனால் தண்ணீர் வற்றி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுண்டும் வரை சமையல் உப்பு திண்மமாக வராது. ஆனால் அதற்கு முன்பே குறைவாகக் கரைகிறவை கீழே விழத் தொடங்கிவிடும். முதலில் கால்சியம் கார்பனேட், அடுத்தது ஜிப்சம் எனப்படும் கால்சியம் சல்பேட், அதன் பிறகுதான் நம் உப்பு. மெக்னீசியம் உப்புகள் கடைசிவரை கரைந்தபடியே கசப்பு நீரில் தங்கிவிடும். ஒரே பாத்தியில், ஒரே நாளில், ஒன்று திண்மம், இன்னொன்று நீர்க்கரைசல்.

‘சிறிதளவே கரையும்’ என்று புத்தகத்தில் போட்டிருந்தால் என்ன எழுதுவது?

நல்ல கேள்வி. இதில் பெரியவர்களே தடுமாறுவார்கள். சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் தண்ணீரில் 1.7 கிராம் அளவுதான் கரையும், சூடாக்கினால் அதைவிடக் குறையும்.

அக்கானி இறக்குகிறவர்கள் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவார்கள் அல்லவா? (வெளியூர்க்காரர்களுக்கு: பதநீரைத்தான் நாங்கள் அக்கானி என்போம்.) பனையிலிருந்து சொட்டுகிற சாற்றில் அந்தச் சுண்ணாம்பு கொஞ்சம் கரைந்து காரத்தன்மையைக் கூட்டுகிறது. ஈஸ்ட் அந்தக் காரத்தில் வேலை செய்யாது, அதனால் சர்க்கரை சாராயமாக மாறாமல் நிற்கிறது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் இறக்கினால் கள். இங்கே வேலை பார்ப்பது கரைந்த பங்கு, அதற்கு நீர்க்கரைசல் என்று போட வேண்டும். கலயத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடப்பது திண்மம். ஒரே கலயத்துக்குள் ஒரே பொருள் இரண்டு நிலையில் இருக்கிறது. சமன்பாட்டில் எதை எழுதுவது என்பது நீங்கள் எந்தப் பங்கைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஆய்வகத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் ஊதும்போது கணக்கு சுத்தமாக இருக்கும்:

கால்சியம் ஹைட்ராக்சைடு (நீர்க்கரைசல்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு) → கால்சியம் கார்பனேட் (திண்மம்) + நீர் (திரவம்)

பால் போல வெளுப்பது அந்தத் திண்மத்தால்தான். விடாமல் ஊதினால் மறுபடி தெளியும், கால்சியம் பைகார்பனேட் உண்டாகிக் கரைந்துவிடுவதால். இந்தப் பைகார்பனேட்டுக்குத் திண்மம் என்று எழுதவே எழுதாதீர்கள். அது கரைசலில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். தண்ணீரை வற்றவைத்தால் கார்பனேட்டாக உடைந்துவிடும். உவர்க் கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சுகிற பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு பிடிக்கிறதே, அது இந்த உடைப்பின் மிச்சம்தான்.

சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும்போது எல்லாம் உருகித் திரவமாகிவிடாதா?

ஆகாது. ‘சூளை அவ்வளவு சூடு, அதனால் திரவம்’ என்று ஊகிக்கக் கூடாது, எண்ணைப் பார்க்க வேண்டும். சிப்பி ஓடு கால்சியம் கார்பனேட். அது உடைவது 800 முதல் 900 டிகிரி வாக்கில். கிடைக்கிற சுட்ட சுண்ணாம்பு உருகவேண்டுமானால் 2,600 டிகிரி வேண்டும்.

கால்சியம் கார்பனேட் (திண்மம்) → கால்சியம் ஆக்சைடு (திண்மம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

அதனால்தான் சுட்ட பிறகும் சிப்பி சிப்பி வடிவத்திலேயே இருக்கிறது, எடை மட்டும் குறைந்திருக்கும். அதன்மேல் தண்ணீர் தெளித்தால் புஸ்ஸென்று ஆவி பறந்து பொடியாக உதிரும். அப்போது:

கால்சியம் ஆக்சைடு (திண்மம்) + நீர் (திரவம்) → கால்சியம் ஹைட்ராக்சைடு (திண்மம்)

சில புத்தகங்களில் விளைபொருளுக்கு நீர்க்கரைசல் என்று போட்டிருக்கும். தண்ணீரை நிறைய ஊற்றிக் கரைத்ததாக அவர்கள் நினைக்கிறார்கள். அளவாகத் தெளித்தால் கிடைப்பது உலர்ந்த பொடி. கேள்வியில் ‘அதிக நீர்’ என்று இல்லாவிட்டால் நான் திண்மம் என்றுதான் எழுதச் சொல்வேன்.

ஹைட்ரோகுளோரிக் அமிலம் வாயுவா, நீர்க்கரைசலா?

பெயரைக் கவனியுங்கள். ‘ஹைட்ரஜன் குளோரைடு’ என்றால் வாயு. ‘ஹைட்ரோகுளோரிக் அமிலம்’ என்றால் அந்த வாயு தண்ணீரில் கரைந்தது, ஆகவே நீர்க்கரைசல். இரண்டுக்கும் வாய்பாடு ஒன்றுதான் என்பதால் குழப்பம். அம்மோனியாவும் இப்படித்தான், தனியாக இருந்தால் வாயு. ரப்பர் பால் கெட்டியாகிவிடாமல் இருக்க ஊற்றுகிற அம்மோனியாத் தண்ணீர் நீர்க்கரைசல்.

குலசேகரம், அருமனைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஃபார்மிக் அமிலத்தைச் சொன்னால் உடனே புரியும். ரப்பர் ஷீட் அடிப்பதற்கு ரப்பர் பாலில் ஊற்றுகிற ‘ஆசிட்’ அதுதான். தூய ஃபார்மிக் அமிலம் 8 டிகிரிக்கு மேல் திரவம். கேனில் வருவதில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும், ஆனாலும் அதைத் திரவம் என்று எழுதுவது வழக்கம். டிஷ்ஷில் (பாலை உறையவிடுகிற தட்டில்) ஊற்றுமுன் வாளித் தண்ணீரில் கலந்துவிட்டால் நீர்க்கரைசல். கந்தக அமிலத்துக்கும் இதே கணக்குதான்: ‘அடர்’ என்றால் திரவம், ‘நீர்த்த’ என்றால் நீர்க்கரைசல்.

அறை வெப்பநிலை என்றால் எவ்வளவு?

அட்டவணைகளில் பெரும்பாலும் 25 டிகிரி. நம் ஊர் மதியம் அதைவிடச் சூடு. பொதுவாக இது பெரிய விஷயம் இல்லை, ஆனால் எல்லையில் நிற்கிற பொருள்கள் சில உண்டு. சீசியம் 28.4 டிகிரியிலும் காலியம் 29.8 டிகிரியிலும் உருகும். அட்டவணைப்படி இரண்டும் திண்மம். சித்திரை மாதம் கன்னியாகுமரியில் காலியத்தை மேசைமேல் வைத்தால் திரவம். விடைத்தாளில் திண்மம் என்றே எழுதுங்கள், 25 டிகிரிதான் கணக்கு.

தேங்காய் எண்ணெயும் இந்த ரகம்தான். 24 டிகிரி வாக்கில் உறையும். நம் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற எண்ணெயைப் பாட்டிலோடு பெங்களூருக்குப் படிக்கப் போன பிள்ளையிடம் கொடுத்துவிட்டால், மார்கழியில் ‘எண்ணெய் வெள்ளையாய்க் கட்டியாகிவிட்டது, கலப்படமா?’ என்று போன் வரும்.

தனிமங்களில் எவை திரவம்?

25 டிகிரியில் இரண்டே இரண்டு: பாதரசம், புரோமின். வாயுக்கள் பதினொன்று: ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃப்ளூரின், குளோரின், அப்புறம் ஹீலியம் தொடங்கி ரேடான் வரை ஆறு மந்த வாயுக்கள். மற்றபடி நீங்கள் பாடத்தில் சந்திக்கிற தனிமங்கள் எல்லாம் திண்மம். அயோடினை வாயு என்று எழுதுகிறவர்கள் ஊதா ஆவியைப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது திண்மம், சூடுபட்டால் ஆவியாகும்.

ஆக்சிஜன் எப்போதும் வாயுதானே? அதையாவது கண்ணை மூடிக்கொண்டு எழுதலாமா?

ஆரல்வாய்மொழியைத் தாண்டித் திருநெல்வேலிச் சாலையில் காவல்கிணறு வரை போங்கள். அங்கேயுள்ள மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. (மாவட்டம் திருநெல்வேலி என்றாலும் நமக்குப் பக்கத்து வீடு மாதிரி.) கிரையோஜெனிக் எந்திரங்களை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய வாயுக்களில் ஓடுகிற ராக்கெட் எந்திரங்களை, சோதிக்கிற இடம் அது. அங்கே தொட்டியில் நிற்கும் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரிக்கும் கீழே குளிர்ந்த திரவம், ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரிக்கும் கீழே. தொட்டியிலிருந்து புகைப்போக்கி வரை ஒரே சமன்பாடாக எழுதினால்:

2 ஹைட்ரஜன் (திரவம்) + ஆக்சிஜன் (திரவம்) → 2 நீர் (வாயு)

பிறந்ததிலிருந்து நாம் திரவம் என்று எழுதிவந்த நீர் இங்கே வாயு. வாயு என்று எழுதிவந்த இரண்டும் திரவம். இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட் எந்திரமான விகாஸில் பயன்படும் டைநைட்ரஜன் டெட்ராக்சைடு இன்னும் வேடிக்கையானது. அதன் கொதிநிலை 21 டிகிரி. நம் ஊர் வெயிலில் திறந்துவைத்தால் செம்பழுப்புப் புகையாய்க் கிளம்பிவிடும். மூடிய தொட்டிக்குள் அழுத்தத்தில்தான் திரவமாக இருக்கும்.

அழுத்தம் என்றதும் வீட்டு காஸ் சிலிண்டரையும் சொல்லிவிடுகிறேன். அதைக் குலுக்கினால் ‘சளக் சளக்’ என்று கேட்பது திரவ புரோப்பேன், பியூட்டேன். அடுப்புக்கு வந்து எரியும்போது வாயு. எரிதல் சமன்பாட்டில் வாயு என்று எழுதுங்கள்.

எரிதல் வினையில் நீர் திரவமா, வாயுவா? ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரி இருக்கிறதே?

இரண்டு புத்தகமும் சரியாக இருக்கலாம். சுடரில் பிறக்கும்போது நீர் ஆவிதான். எல்லாம் ஆறி 25 டிகிரிக்கு வந்த பிறகு கணக்கெடுத்தால் திரவம். வெப்பக் கணக்கு வரும் பாடங்களில் பெரும்பாலும் திரவம் என்று எழுதுவார்கள், ஏனென்றால் அங்கே 25 டிகிரிதான் அளவுகோல்.

அங்கே நிலையை எழுதாமல் விட்டால் எண்ணே தப்பாகும். ஒரு மோல் ஹைட்ரஜன் எரிந்து திரவ நீர் கிடைத்தால் 286 கிலோஜூல் வெளிவரும். நீராவியாக நின்றுவிட்டால் 242 தான். நடுவில் இருக்கிற 44 கிலோஜூல் எங்கே போனது என்றால், நீரை ஆவியாகவே வைத்திருக்கச் செலவானது. மீத்தேனில் இரண்டு மோல் நீர் வருவதால் வித்தியாசம் இருமடங்கு: 890, 802. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

மணவாளக்குறிச்சி மணலுக்கு ஏதாவது சமன்பாடு உண்டா?

மணல் ஆலையில் நடப்பதற்குச் சமன்பாடு கிடையாது. இல்மனைட், ருட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் கலந்து கிடக்கிற கருமணலைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் எடையாலும் பிரிக்கிறார்கள். எல்லாம் பௌதிக மாற்றம். திண்மமாக வந்து திண்மமாகப் போகிறது. (இந்த மணலில் மோனசைட் இருப்பது 1909ல் வெளிப்பட்ட கதை சுவையானது. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கவனித்திருக்கிறார்.)

சமன்பாடு அதற்கப்புறம்தான் தொடங்குகிறது. ருட்டைல் என்பது டைட்டேனியம் டை ஆக்சைடு. அதிலிருந்து டைட்டேனியம் உலோகம் எடுக்கிற வழி, நிலைகளைப் பழகுவதற்கு எனக்குப் பிடித்த பயிற்சி. கொல்லம் மாவட்டத்துச் சவறையில் இந்த முறையில் உலோகம் எடுக்கும் ஆலை இருக்கிறது. முதல் படி, சுமார் 900 முதல் 1,000 டிகிரியில்:

டைட்டேனியம் டை ஆக்சைடு (திண்மம்) + 2 கார்பன் (திண்மம்) + 2 குளோரின் (வாயு) → டைட்டேனியம் டெட்ராகுளோரைடு (வாயு) + 2 கார்பன் மோனாக்சைடு (வாயு)

உலோகக் குளோரைடு என்றதும் உப்பு, ஆகவே திண்மம் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். டைட்டேனியம் டெட்ராகுளோரைடு அப்படி இல்லை. சகப்பிணைப்புச் சேர்மம், கொதிநிலை 136 டிகிரி. உலையில் வாயு, குளிரவைத்தால் தண்ணீர் மாதிரி நிறமில்லாத திரவம். அடுத்த படி, 800 டிகிரிக்கு மேல்:

டைட்டேனியம் டெட்ராகுளோரைடு (வாயு) + 2 மெக்னீசியம் (திரவம்) → டைட்டேனியம் (திண்மம்) + 2 மெக்னீசியம் குளோரைடு (திரவம்)

மெக்னீசியம் 650 டிகிரியிலும் மெக்னீசியம் குளோரைடு 714 டிகிரியிலும் உருகும், அதனால் இரண்டும் திரவம். டைட்டேனியம் உருக 1,668 டிகிரி வேண்டும், அதனால் அது மட்டும் பஞ்சு போலத் திண்மமாய் நிற்கிறது. திரவத்தை வடித்துவிட்டால் உலோகம் மிச்சம். எது எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே அந்த ஆலை ஓடுகிறது. இந்த இரண்டு வரிகளையும் உருகுநிலை அட்டவணையை வைத்துக்கொண்டு நீங்களே ஒரு தடவை எழுதிப் பாருங்கள், மற்ற பயிற்சி எதுவும் தேவைப்படாது.

புகை வந்தால் வாயு என்று எழுதலாமா?

கூடாது! கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிற புகை பெரும்பாலும் வாயு இல்லை, காற்றில் மிதக்கிற நுண்ணிய திண்மம் அல்லது திரவத் துளி. அம்மோனியா பாட்டிலையும் ஹைட்ரோகுளோரிக் அமில பாட்டிலையும் திறந்து பக்கத்தில் வைத்தால் நடுவில் வெண்புகை எழும்:

அம்மோனியா (வாயு) + ஹைட்ரஜன் குளோரைடு (வாயு) → அம்மோனியம் குளோரைடு (திண்மம்)

நவச்சாரம் என்று கடையில் கிடைப்பதுதான் இந்தப் புகை. மெக்னீசியம் நாடா எரியும்போது வரும் வெண்புகையும் மெக்னீசியம் ஆக்சைடு திண்மம்தான். கற்பூரத்தை மூடாமல் வைத்தால் கரைந்துபோகிறதே, அங்கே புகையே தெரியாது, ஆனால் நடப்பது திண்மம் நேரே வாயுவாவது, அதாவது பதங்கமாதல். அதே கற்பூரத்தைக் கொளுத்தினால் வருகிற கறுப்புப் புகை எரியாத கார்பன், அதுவும் திண்மம். கண்ணாடித் தட்டைக் காட்டிப் பாருங்கள், மை ஒட்டும்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போன்ற நீரேறிய உப்பில் தண்ணீர் இருக்கிறதே, அது நீர்க்கரைசலா?

இல்லை, திண்மம். அந்தத் தண்ணீர் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. சூடாக்கினால் வெளியேறும், நீலம் வெளுத்துவிடும். அப்போது வெளியேறும் நீருக்கு வாயு என்று போடுங்கள்.

மழைக்காலத்தில் உப்பு ஜாடிக்குள் தண்ணீர் விடுவது வேறு கதை. உப்போடு வந்த மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து அதிலேயே கரைகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற மாவட்டம் இது, ஜாடி காய்வது எப்போது?

மேல்நோக்கிய அம்பு, கீழ்நோக்கிய அம்பு போட்டால் போதாதா?

வெளியேறும் வாயுவுக்கும் விழும் வீழ்படிவுக்கும் அது பழைய வழக்கம், தப்பில்லை. ஆனால் வினைபடுபொருளுக்கு அம்பு போட முடியாது. நிலைகளைக் கேட்டிருந்தால் எழுத்தையே போடுங்கள்.

நிகர அயனிச் சமன்பாட்டில் எதை உடைப்பது, எதை உடைக்கக் கூடாது?

நீர்க்கரைசல் என்று போட்டதை மட்டும் அயனிகளாக உடைக்கலாம், அதிலும் முழுதாக அயனியாவதை மட்டும். சிப்பி ஓட்டின்மேல் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால்:

கால்சியம் கார்பனேட் (திண்மம்) + 2 ஹைட்ரஜன் அயனி (நீர்க்கரைசல்) → கால்சியம் அயனி (நீர்க்கரைசல்) + நீர் (திரவம்) + கார்பன் டை ஆக்சைடு (வாயு)

ஓடு திண்மம், அதை உடைக்கவில்லை. குளோரைடு அயனி இருபுறமும் வேடிக்கை பார்த்தது, அதை எடுத்துவிட்டோம். ஃபார்மிக் அமிலம், அசிட்டிக் அமிலம் போன்ற வலிமை குறைந்தவை கரைந்திருந்தாலும் முழு மூலக்கூறாகவே எழுத வேண்டும்.

சமநிலை மாறிலியில் சில பொருள்களை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

தூய திண்மமும் தூய திரவமும் அதில் வராது, அவற்றின் செறிவு மாறுவதில்லை என்பதால். சுண்ணாம்புச் சூளைச் சமன்பாட்டைத் திரும்பப் பாருங்கள்: இரண்டு திண்மங்களையும் விட்டால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் மட்டும். அந்த வாயு வெளியே போகச் சூளையில் வழி இருந்தால்தான் சிப்பி முழுதாக வேகும். நிலையைத் தப்பாகப் போட்டவருக்கு இந்தக் கணக்கும் தப்பாகத்தான் வரும்.

ரப்பர் பால் எந்த நிலை?

பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டாள்: ‘சார், எங்க பால் திரவமா, நீர்க்கரைசலா?’ இரண்டும் இல்லை. பாலில் மூன்றில் ஒரு பங்கு வாக்கில் ரப்பர். அது தண்ணீரில் கரையவே இல்லை. எதிர்மின்சுமையோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கிற நுண்ணிய துளிகள். கூழ்மம் என்று பெயர். அமிலம் அந்தச் சுமையைக் கெடுத்ததும் துளிகள் ஒட்டிக்கொள்கின்றன, பால் கட்டியாகிறது. நம்மிடம் இருக்கிற நாலு எழுத்தில் எதுவும் அதற்குப் பொருந்தாது. நான் அவளிடம், சமன்பாடு எழுதாமல் வாக்கியமாக எழுது என்றேன். ‘அப்ப மார்க்கு?’ என்றாள். இந்தக் கேள்வி பரீட்சையில் வராது என்று சொல்லியிருக்கிறேன்.